காயலாங்கடையில் இயற்பியல்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாயை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்துகளும் லாரிகளும் தாராளமாக ஓடுகின்றன. ஆனால் அந்தத் தார்ச்சாலையை விட்டு விலகி, குற்றால மலையடிவாரத்திலும் மேக்கரைப் பக்கத்திலும் உள்ள தோட்டங்களுக்குள் செல்ல வேண்டுமானால் நிலைமை வேறு. கல்லும் வேரும் சேறுமாகக் கிடக்கும் அந்தத் தடங்களுக்கு, நான்கு சக்கரங்களுக்கும் விசையைச் செலுத்தும் ஜீப் வண்டியே ஏற்றது. இத்தகைய ஜீப்புகளுள் பல, இன்று கல்லூரியில் படிக்கும் மாணவர்களைவிட வயதில் மூத்தவை!

அப்படிப்பட்ட வண்டியில் ஓர் ஆக்சில் முறிந்துவிட்டால் என்ன செய்வது? பழைய மாடல்களுக்குப் புதிய உறுப்பு எளிதில் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் விலை கட்டுபடியாவதில்லை. எனவே வண்டிக்காரர் காயலாங்கடைக்குச் செல்கிறார். (காயல்பட்டினத்து வணிகர்களால் இப்பெயர் வந்தது என்று கூறுவதுண்டு.) சென்னைப் புதுப்பேட்டை இவ்வகை வாணிபத்திற்குப் பெயர் பெற்ற இடம். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. கனடா நாட்டில் ஜோசப் ஆர்மான் பொம்பார்டியே 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்கி-டூ' போன்ற பனி வண்டிகளுக்கும், உடைத்த வண்டிகளிலிருந்து கழற்றிய உறுப்புகளைத் தேடி வாங்குவோர் அந்நாடுகளில் ஏராளம்.

கடையின் முன்னால் ஆக்சில்களும் கியர்களும் பிரேக் டிரம்களும் குவிந்து கிடக்கின்றன. "அண்ணாச்சி, இது நல்லா இருக்குமா?" என்று கேட்டால், "நம்பி எடுத்துட்டுப் போங்க, நல்ல சரக்கு" என்ற பதில்தான் வரும். இந்தக் கேள்விக்கு உறுப்பிடமிருந்தே பதில் பெற முடியுமா? முடியும். அதற்குச் சுத்தியல், அரம், காந்தம், மண்ணெண்ணெய், சாக்குப்பொடி, ஒரு நீளமான நூல் ஆகியவற்றோடு பள்ளியில் படித்த இயற்பியலும் இருந்தால் போதும்.

தேய்வும் சோர்வும்

இயந்திர உறுப்பு ஒன்று இரண்டு வகைகளில் மூப்படைகிறது. ஒன்று தேய்வு, மற்றொன்று சோர்வு. இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தேய்வு என்பது உராய்வினால் பொருள் குறைவது. கியரின் பல் மெலிகிறது. டிரம்மின் உட்புறம் அகலமாகிறது. இதை நாம் கண்ணால் காணலாம்; வெர்னியர் அளவியால் அளக்கலாம். எனவே தேய்வு நம்மை ஏமாற்றுவதில்லை.

சோர்வு அப்படிப்பட்டதன்று. கட்டுக்கம்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இழுத்து அறுக்க உங்களால் முடியாது. ஆனால் ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் பட்டென்று ஒடிந்துவிடுகிறது அல்லவா? ஒரே ஒரு முறை தாங்கக்கூடிய விசையை, பல்லாயிரம் முறை மாறிமாறிக் கொடுக்கும்போது உலோகம் தாங்குவதில்லை. இதையே உலோகச் சோர்வு என்கிறோம். இதில் எடை குறைவதில்லை, வடிவம் மாறுவதில்லை, பளபளப்புக்கூட மங்குவதில்லை. மேற்பரப்பில் எங்கோ ஓரிடத்தில் மயிரிழையினும் மெல்லிய விரிசல் ஒன்று தோன்றி, ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது சிறிதாக உள்ளே நகர்கிறது. எஞ்சிய பகுதியால் சுமையைத் தாங்க முடியாத நிலை வரும்போது, முன்னறிவிப்பு இன்றி உறுப்பு முறிகிறது.

இவ்வுண்மையை மனிதன் பெரும் விலை கொடுத்தே கற்றான். 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் பிரான்ஸில் வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு வந்துகொண்டிருந்த ரயிலின் முன் எஞ்சினில் ஆக்சில் ஒடிந்தது. தொடர்ந்து நேரிட்ட தீயில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டில் ராங்கின் என்ற பொறியியலறிஞர், முறிந்த ரயில் ஆக்சில்களை ஆராய்ந்து, தண்டின் தடிமன் திடீரென்று மாறும் மூலைகளில் விரிசல் தோன்றி மெல்ல மெல்ல வளர்கிறது என்று காட்டினார். பின்னர் ஜெர்மானிய ரயில்வேப் பொறியாளர் வோலர், ஆக்சில்களைச் சுழல வைத்துப் பல ஆண்டுகள் சோதனைகள் நடத்தினார். தகைவு கூடினால் உறுப்பு தாங்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை விரைந்து குறைகிறது. எஃகைப் பொறுத்தவரை, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தகைவு இருந்தால் எத்தனை முறை சுழன்றாலும் முறிவதில்லை என அவர் கண்டார். அந்த அளவைச் சோர்வு எல்லை எனலாம்.

வயதா, வாழ்க்கையா?

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜீப்பின் சக்கர விட்டம் ஏறக்குறைய 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சுற்றளவு 2.2 மீட்டர். ஒரு கிலோ மீட்டருக்குச் சக்கரம் சுமார் 450 முறை சுழல்கிறது. 50,000 கி.மீ. ஓடிய வண்டியின் சக்கரம் 2 கோடியே 25 லட்சம் முறை சுழன்றிருக்கும். சுமையைத் தாங்கிக்கொண்டே சுழலும் தண்டில், மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் சுழற்சிக்கு ஒருமுறை இழுபட்டும் ஒருமுறை அழுத்தப்பட்டும் வருகிறது. ஆக, அத்தண்டு கட்டுக்கம்பியைப் போல 2 கோடி முறைக்கு மேல் முன்னும் பின்னும் வளைக்கப்பட்டிருக்கிறது!

இந்த எண்ணைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. எஃகின் சோர்வு எல்லையைச் சோதனைச் சாலையில் கண்டறிய வழக்கமாக ஒரு கோடி சுழற்சிகள் வரையே பார்க்கிறார்கள். சமவெளிச் சாலையில், அளவான சுமையோடு, துருப்பிடிக்காமல் இத்தனை கோடி முறை சுழன்ற தண்டு, அதே வேலையை இன்னும் நெடுங்காலம் செய்யக்கூடும். மாறாக, ஐந்தே ஆண்டு ஓடிய வண்டியாயினும், அளவுக்கு மீறிய சுமையோடு பாறை மீது ஏறி இறங்கியிருந்தால், அதன் தண்டில் விரிசல் ஏற்கெனவே பிறந்திருக்கலாம். ஆகவே "எத்தனை வருஷத்துச் சரக்கு?" என்று கேட்பதைவிட, "எந்த வண்டியில், என்ன வேலை செய்தது?" என்று கேட்பதே அறிவுடைமை. உறுப்பின் வயதைவிட அது வாழ்ந்த வாழ்க்கையே முக்கியம்.

நம் பகுதிக்கு மற்றொரு கவலையும் உண்டு. சாரல் காலத்தில் மாதக்கணக்கில் ஈரம் காய்வதில்லை. துரு உலோகத்தில் சிறு குழிகளைத் தோண்டுகிறது. ஒவ்வொரு குழியின் அடியிலும் தகைவு குவிகிறது; விரிசலுக்கு அதுவே தொட்டில். இடைவிடாமல் அரிக்கும் சூழலில் எஃகுகூடத் தன் சோர்வு எல்லையை இழந்துவிடுகிறது. மேலே படர்ந்த செந்துருவைத் துடைத்துவிடலாம். ஆனால் துடைத்த பின் அம்மைத் தழும்புபோல் குழிகள் தெரிந்தால், அந்தத் தண்டைக் குவியலிலேயே போட்டுவிடுங்கள்.

அலுமினியத்துக்கோ எஃகைப் போன்ற திட்டமான சோர்வு எல்லை கிடையாது. சிறிய தகைவும் போதிய முறை வந்தால் அதை முறித்துவிடும். 1954இல் காமெட் விமானங்கள் இரண்டு வானில் சிதறியதற்கு அலுமினியக் கலவைத் தகட்டில் நேர்ந்த சோர்வே காரணம். காந்தம் ஒட்டாத உறுப்பு என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

தட்டிப் பாருங்கள், கேளுங்கள்

சந்தையில் மண்பானை வாங்கும் பெண்கள் அதை விரலால் சுண்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். கணீர் என்று ஒலித்தால் எடுத்துக்கொள்வார்கள். 'டப்' என்றால் வைத்துவிடுவார்கள். ரயில் நிலையங்களில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து வந்ததும் இதே முறைதான்.

பிரேக் டிரம் அல்லது ஆக்சில் தண்டை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பழுதற்ற உலோகத்தில் அதிர்வு தடையின்றி ஓடித் திரும்புவதால் ஒலி நீண்டு நிற்கும். விரிசல் இருந்தால், அதன் இரு முகங்களும் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் ஆற்றலை வெப்பமாக விழுங்கிவிடுகின்றன. ஒலி சட்டென்று அடங்கிவிடும். தரையில் வைத்துத் தட்டாதீர்கள். தரையே அதிர்வை விழுங்கிவிடும். பெரிய விரிசலை இச்சோதனை காட்டிக்கொடுக்கும். மயிரிழை விரிசலைக் காட்டாது. அதற்கு அடுத்த சோதனை இருக்கிறது.

மண்ணெண்ணெயும் சாக்குப்பொடியும்

உறுப்பை நன்றாகத் துடைத்து, அரை மணி நேரம் மண்ணெண்ணெயில் ஊற வையுங்கள். பின்பு எடுத்து, ஈரம் தெரியாதபடி துணியால் துடைத்துவிட்டு, சாக்குப்பொடியை மெல்லிய படலமாகத் தூவுங்கள். சிறிது நேரத்தில் வெள்ளைப் பொடியின் மீது கரிய கோடு ஒன்று தானாகவே எழுந்து வந்தால், அங்கே விரிசல் உண்டு என்று பொருள். ரயில்வே பட்டறைகளில் நெடுங்காலம் கையாண்ட முறை இது. (அருகில் நெருப்பு கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.)

இது எவ்வாறு நிகழ்கிறது? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழைமைதான். இடைவெளி குறுகக் குறுக, பரப்பு இழுவிசை திரவத்தை வலுவாக உள்ளே இழுக்கிறது. ஒரு மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கே அகலமுள்ள பிளவு, மண்ணெண்ணெயைச் சுமார் 70 செ.மீ. உயரத்துக்கு ஏற்றும் வலிமை உடையது. நீரின் பரப்பு இழுவிசை இதைவிட அதிகமாயிற்றே, நீரையே பயன்படுத்தலாகாதா என்று கேட்பீர்கள். எண்ணெய்ப் பசை படிந்த உலோகத்தை நீர் நனைப்பதில்லை; மண்ணெண்ணெய் நனைக்கிறது. நனைக்காத திரவம் பிளவுக்குள் நுழையாது. சரி, உள்ளே போனது ஏன் வெளியே வருகிறது? பொடியின் துகள்களுக்கிடையே உள்ள எண்ணற்ற நுண்ணிய இடைவெளிகள், உள்ளிருக்கும் எண்ணெயைத் தம்பால் உறிஞ்சிக்கொள்கின்றன.

தண்டின் தடிமன் மாறும் தோள்பட்டை, சாவிக்காடி, மரையின் அடி, பட்டை ஸ்பிரிங்கின் நடு போல்ட் துளை ஆகிய இடங்களை முதலில் சோதியுங்கள். தகைவு குவியும் இடங்கள் இவையே.

சாக்கட்டி சொல்லும் பாடம்

வகுப்பறையில் ஒரு சாக்கட்டியை இரு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அது குறுக்கே நேராக ஒடியாது; திருகுபோல், ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் ஒடியும். முறுக்கும்போது மிகுதியான இழுவிசை அந்தச் சாய்வில்தான் எழுகிறது. நொறுங்கும் பொருள்கள் இழுவைக்கு அஞ்சுபவை. நெகிழும் எஃகுத் தண்டோ, முறுக்கினால் முதலில் திருகிக்கொண்டு, பின் குறுக்கே தட்டையாக அறுபடும்.

'முதலில் திருகிக்கொண்டு' என்பதே நமக்கு உதவும் குறிப்பு. ஆக்சில் தண்டின் முனையில் நீளவாட்டில் பல காடிகள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் மீது நூலை இழுத்துப் பிடியுங்கள். காடிகள் நூலோடு நேராக ஓடினால் நல்லது. சற்றே திருகிச் சென்றால், அந்தத் தண்டு ஒருமுறை மீட்சி எல்லையைத் தாண்டி முறுக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு பளபளத்தாலும் அதை வாங்காதீர்கள்.

முறிந்த தண்டு கிடைத்தால் அதன் முகத்தையும் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுச் சென்ற கோடுகளைப் போன்ற வளைகோடுகளுடன் இருக்கும். எஞ்சிய பகுதி சொரசொரப்பாக இருக்கும். முதல் பகுதி விரிசல் மெல்ல வளர்ந்த காலம். இரண்டாம் பகுதி கடைசி நொடி. அதே வண்டியிலிருந்து கழற்றிய மறுபக்கத் தண்டும் அதே வாழ்க்கையை வாழ்ந்ததுதானே? அதையும் ஐயத்துடன் நோக்குங்கள்.

பற்களை எண்ணுங்கள்

கியர்ப் பல்லின் மேற்பரப்பு கடினமாக்கப்பட்டது, உட்புறம் மென்மையானது. பல்லின் ஓரத்தில், வேலை செய்யாத இடத்தில், அரத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் கடினத் தோல் இருக்கிறது; கடித்துப் பொடி உதிர்ந்தால் தோல் போய்விட்டது. பல்லின் முகத்தில் சிறு குழிகள் தென்பட்டால் சோர்வு தொடங்கிவிட்டது.

கிரவுன், பினியன் இரண்டையும் ஒரே ஜோடியாகவே வாங்க வேண்டும். தொழிற்சாலையில் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று உரசவிட்டுப் பொருத்தியிருப்பார்கள். வேறு வேறு வண்டிகளிலிருந்து எடுத்தவை இரைச்சலிட்டு விரைவில் அழியும்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. 1941 முதல் அமெரிக்கப் படைக்காகத் தயாரிக்கப்பட்ட வில்லிஸ் ஜீப்பில் கிரவுனுக்கு 39 பற்கள், பினியனுக்கு 8 பற்கள், விகிதம் 4.88. பிற்காலத்தில் வந்து, நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் பல பத்தாண்டுகள் தயாரித்த சிஜே-3பி வகையில் 43க்கு 8, விகிதம் 5.38. வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கும் இவற்றுள் ஒன்றை முன்பக்கத்திலும் மற்றதைப் பின்பக்கத்திலும் மாட்டினால் என்ன ஆகும்? நான்கு சக்கர இயக்கத்தில் முன் தண்டும் பின் தண்டும் சம வேகத்தில் சுழல்கின்றன. பின் சக்கரம் 8 முறை சுழலும்போது முன் சக்கரம் 8.8 முறை சுழல முயலும். ஒரே வண்டியின் இரு சக்கரங்கள் பத்து சதவீத வேறுபாட்டில் ஓட இயலுமா? சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். கெட்டித் தரையில் அந்த வேறுபாடு முறுக்காகச் சேர்ந்து, எது பலவீனமானதோ அதை முறித்துவிடும். ஆகவே விலை பேசுமுன் பற்களை எண்ணுங்கள்.

வெப்பம் எங்கே போகிறது?

சுமையோடு 1500 கிலோ எடையுள்ள ஜீப் ஒன்று 100 மீட்டர் உயரத்திலிருந்து சீரான வேகத்தில் இறங்குகிறது. அது இழக்கும் நிலையாற்றல் 1500 × 9.8 × 100, அதாவது 14 லட்சத்து 70 ஆயிரம் ஜூல். ஓட்டுநர் எஞ்சினைக் கொண்டு வேகத்தை அடக்காமல் பிரேக்கை மட்டுமே நம்பினால், இவ்வளவும் டிரம்களில் வெப்பமாக மாற வேண்டும். நான்கு வார்ப்பிரும்பு டிரம்களும் சேர்ந்து 30 கிலோ என்றும், ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்க 500 ஜூல் தேவை என்றும் கொள்வோம். காற்று கொண்டுபோகும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், வெப்பநிலை 98 பாகை உயரும்.

பலமுறை கடைசல் பிடித்து மெலிந்த டிரம்கள் 24 கிலோவே இருந்தால்? உயர்வு 122 பாகைக்கு மேல். சூடேறிய டிரம் விரிந்து பிரேக் கட்டையை விட்டு விலகும். கட்டையின் பிடிமானமும் குறையும். மிதி ஆழமாக இறங்கும், வண்டி நிற்காது. வளைவுக்கு அப்பால் பள்ளத்தாக்கு இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். எனவே டிரம்மின் உள்விட்டத்தை அளந்து, டிரம்மில் பொறித்துள்ள அல்லது தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள உச்ச அளவோடு ஒப்பிடாமல் வாங்காதீர்கள்.

எதை வாங்கலாம்?

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஓர் உறுப்பின் குறை கண்ணுக்குத் தெரியக்கூடியதா, அது முறிந்தால் உயிருக்கு ஆபத்தா என்ற இரு கேள்விகளைக் கேளுங்கள்.

கியர் பெட்டிக் கூடு, ஆக்சில் கூடு, பம்பர், பாடித் தகடு, சக்கர வளையம் ஆகியவற்றை நன்கு பார்த்து வாங்கலாம். கூட்டில் ஓட்டையைப் பசையால் அடைத்து வண்ணம் பூசியிருக்கிறார்களா என்பதைக் காந்தம் சொல்லிவிடும். பசை உள்ள இடத்தில் காந்தத்தின் பிடி தளரும். கியர்களையும் ஆக்சில் தண்டையும் எல்லாச் சோதனைகளும் செய்த பின்பே வாங்கலாம்.

ஸ்டீயரிங் இணைப்புகள், சக்கர போல்ட், பட்டை ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யு-போல்ட், பிரேக் குழாய், ரப்பர் வாஷர், பேரிங் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் காற்றினாலேயே கெடுகிறது. பேரிங்கின் கதையோ வேறு: பந்து பேரிங்கில் சுமை இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. முன்பு அது தாங்கிய சுமை யாருக்குத் தெரியும்?

இன்னொன்று: ரசீது கேட்டு வாங்குங்கள். எண்ணை அரத்தால் தேய்த்து அழித்த எஞ்சினையோ சட்டத்தையோ தொடாதீர்கள். அது திருட்டுச் சரக்காக இருக்கலாம். வாகனங்களை முறைப்படி உடைப்பதற்குப் பதிவு பெற்ற நிலையங்களை ஏற்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2021 செப்டம்பரில் வெளியிட்டுள்ளது. வண்டி எங்கே, எப்போது உடைக்கப்பட்டது என்பதற்குச் சான்று இருந்தால், உறுப்பின் வாழ்க்கை வரலாற்றை அறிவதும் எளிதாகும்.

பழையதை மீண்டும் பயன்படுத்துவது நாட்டுக்கும் நன்மை. இரும்புத் தாதுவிலிருந்து எஃகு எடுப்பதைவிடப் பழைய இரும்பை உருக்குவதற்கு ஆற்றல் குறைவாகவே தேவை; உருக்காமல் அப்படியே பயன்படுத்தினால் அந்த ஆற்றலும் மிச்சம். ஆனால் மிச்சம் பிடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. தட்டிக் கேட்டும், ஊற வைத்துப் பார்த்தும், அளந்தும் எண்ணியும் ஐயம் தீராத உறுப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதற்குரிய இடம் உலைதான். மலையேறும் வண்டி அன்று.